மழைக்கும் பனிக்கும் பண்டிகைக்கும் முன்னே, பிள்ளை உள்ள வீட்டில் பேச வேண்டியவை



ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்கி விடுகிறது. நம் மாநிலத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அது ஓயும்போது மார்கழிப் பனி இறங்குகிறது. தை முடிய அது விடுவதில்லை. இதே நாட்களுக்குள்தான் தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் வந்து போகின்றன. அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போவதும் அப்போதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வரிசை நீளுவதும் அப்போதுதான்.

பண்டிகைக்குத் துணி எடுப்பதற்கும் பலகாரத்துக்கு மாவு இடிப்பதற்கும் பத்து நாள் முன்பிருந்தே யோசனை செய்கிறோம். பிள்ளைக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் வந்த பிறகு யோசிக்கிறோம். இந்தச் சிறு வெளியீட்டைக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள். ஒருவர் படிக்க ஒருவர் கேட்டாலும் சரிதான்.

யாரைக் கேட்டுத் தூக்குவது?

முதலில் ஒரு விஷயத்தை நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்வது யார்?

முப்பது வருஷத்துக்கு மேலாகக் கிராமம் கிராமமாகப் போய்க் கூட்டம் போட்டுப் பேசி வருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் பெண்கள் பக்கம் சட்டென்று மௌனமாகி விடும். ஒரு தாய் எனக்குச் சொன்னது இது. தீபாவளிக்கு முதல் நாள். எட்டு மாதக் குழந்தைக்கு மூச்சு வேகமாக ஓடுகிறது. கணவர் டவுனுக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறார். மாமியார், "நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கணுமா, சளிதானே, விடிஞ்சா சரியாப் போயிடும்" என்கிறார். மாமியாருக்குப் பேரன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவர் காலத்தில் ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இருந்தது. அந்தத் தாயின் கையில் இருபது ரூபாய் இருந்தது. "அவரு வரட்டும்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன் சார்" என்றார். கணவர் இரவு பதினொரு மணிக்கு வந்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது. மத்தியானமே வந்திருந்தால் மருந்தோடு முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

ஆகவே தகப்பன்மார்கள் இன்றைக்கே மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பிள்ளைக்கு முடியலேன்னா என்னைக் கேட்கணும்னு காத்திருக்காதே. நீ தூக்கிட்டுப் போ. அப்புறம் சொன்னாப் போதும்." அம்மாவின் முன்னிலையில் சொன்னால் இன்னும் நல்லது. சபரிமலைக்கு மாலை போட்டுப் போகிறவர்கள், அறுவடை வேலைக்கு வெளியூர் போகிறவர்கள், போவதற்கு முன் சொல்லுங்கள். பண்டிகைச் செலவுக்கு எடுத்து வைக்கும் பணத்தில் ஐந்நூறு ரூபாயைத் தனியே பிரித்து அஞ்சறைப் பெட்டியிலோ அரிசிப் பானையிலோ மனைவி கையால் வைக்கச் சொல்லுங்கள். அது வெடிக்கோ சீட்டுக்கோ இல்லை. 108 வண்டிக்குக் காசு கிடையாது, அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்கும் காசு கிடையாது. இருந்தாலும் கையில் ஒன்றும் இல்லாமல் வாசல் தாண்ட எந்தத் தாய்க்கும் தயக்கமாகத்தான் இருக்கும்.

மூச்சை எண்ணப் பழகுங்கள்

மழையிலும் பனியிலும் குழந்தைக்குச் சளி பிடிப்பது சகஜம். மூக்கு ஒழுகும், தும்மும், நாலைந்து நாள் இருமும், போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது நிமோனியாவுக்கு. இதில் நுரையீரலில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகளுக்குள் நீரும் சீழும் சேர்ந்துவிடுகிறது. காற்று போக இடமில்லாததால் குழந்தை வேகமாக மூச்சு வாங்கி அதை ஈடுகட்டப் பார்க்கிறது. ஊரில் இதைச் சளி இழுப்பு என்றும் மாந்தம் என்றும் சொல்லி மந்திரிக்கப் போவார்கள். மந்திரித்துவிட்டு வந்தாலும் வராவிட்டாலும், மூச்சை எண்ணுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

எண்ணுவது எப்படி? குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ எண்ணுங்கள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு தரம் மேலே எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. கணவர் கைபேசிக் கடிகாரத்தைப் பார்த்து "ஆரம்பி" என்று சொல்லட்டும், மனைவி எண்ணட்டும், முழுசாக ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம், குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. எண்ணிக்கை தடுமாறுகிறவர்கள் மூச்சுக்கு ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்துப் பிறகு கொட்டைகளை எண்ணலாம். சந்தேகம் இருந்தால் இன்னொரு தரம் எண்ணுங்கள்.

பிறந்து இரண்டு மாதம் முடியாத சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இந்த மூன்று எண்களைச் சுவர்க் காலண்டரின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அதில்தான் ராகு காலம் பார்க்கத் தினமும் கண் போகிறது.

எண்ணிக்கையோடு இன்னொன்றையும் பாருங்கள். குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ள பகுதி உள்ளே குழிந்து போகிறதா? குழிந்தால் எண்ணிக் கொண்டிருக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். பால் குடிக்க முடியாமல் போவது, எது கொடுத்தாலும் வாந்தி எடுப்பது, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது, முனகுவது, உதடு நீலம் பூப்பது, வலிப்பு வருவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். இரண்டு மாதம் முடியாத சிசுவானால் காய்ச்சல் மட்டும் இருந்தாலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். உடம்பு சில்லிட்டுப் போனாலும் அப்படியே.

டாக்டர் கொடுக்கும் மருந்தை, இரண்டு நாளில் மூச்சு சரியானதும் நிறுத்திவிடாதீர்கள். மிச்ச மருந்தை அடுத்த பிள்ளைக்கு என்று எடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சொன்ன நாள் வரை கொடுத்து முடித்துவிடுங்கள்.

நிமோனியாவைத் தடுக்க ஊசி இருக்கிறது. நியூமோகாக்கல் தடுப்பூசி என்று பெயர். 2021-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை ஊசியும் நுரையீரலைக் காப்பாற்றும், ஏனென்றால் தட்டம்மை வந்த பிள்ளைக்குப் பின்னாலேயே நிமோனியா வருவது உண்டு. பண்டிகை வாரத்துப் புதன்கிழமையைத் தவறவிட்டால் அடுத்த புதனுக்குப் போய்விடுங்கள். லேசான சளி இருக்கிறதென்று ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம்.

கொடுக்கக் கூடாதவை

இதைச் சொல்லும்போது பாட்டிமார்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். வாய் வைத்துச் சளியை உறிஞ்சாதீர்கள், விரல் விட்டு எடுக்காதீர்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் குழந்தையைப் பிடிப்பது நமக்கு வாசனை, அந்தச் சின்ன நுரையீரலுக்கு அது புகைதான். தலை காய மெல்லிய துணியால் துவட்டினால் போதும். விறகடுப்புப் புகையும் அப்படியே. சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்காமல், கொஞ்ச நேரம் அப்பாவிடம் கொடுங்கள். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் பாத்திரத்தருகே பிள்ளையை உட்கார வைக்காதீர்கள், வெந்துபோய் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உரை மருந்து, வசம்பு, கழுதைப் பால், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே மருந்தும் உணவும். ஒரு வயது முடியும் வரை தேன் தரக் கூடாது.

கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்து போனார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. தயாரானது நம் தமிழ்நாட்டில்தான். சிரப்பில் கலப்படமே இல்லாவிட்டாலும்கூட, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் சாதாரணச் சளி இருமலுக்கு அது தேவையில்லை. இரண்டு வயதுக்குள் தரவே கூடாது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கஞ்சியும், ஒரு வயது தாண்டியவர்களுக்குத் துளசிச் சாற்றோடு கொஞ்சம் தேனும் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

கதகதப்பு

சிசுவுக்குக் குளிர் தாக்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் ஏறிக்கொண்டிருக்கிறது. தொப்பி போடுங்கள், இரண்டு மூன்று அடுக்காகப் பருத்தித் துணி சுற்றுங்கள், மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் துணியில்லாமல் பெற்றவரின் வெற்று மார்பில் படுக்க வைத்து மேலே போர்த்துவதைக் கங்காரு பராமரிப்பு என்கிறோம். அப்பாவின் மார்பும் அதே சூட்டைத் தரும். இதைச் சொன்னால் ஆண்கள் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

தீபாவளிக்கு விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் பெரியவர்களுக்கு இருக்கட்டும். கைக்குழந்தையை நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம். வெயில் ஏறிய பிறகு உள்ளே வைத்து வெந்நீரில் குளிப்பாட்டி உடனே துவட்டுங்கள். எடை குறைந்த சிசுவைத் துடைத்தெடுத்தால் போதும். மார்கழிக் கோலம் போடப் போகும் அம்மாவின் பின்னாலேயே தூக்கக் கலக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு மப்ளரைச் சுற்றிவிட்டுப் போங்கள்.

மலைப்பகுதிக் கிராமத்தினருக்கு ஒரு வார்த்தை. குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, கண் எரிச்சல் கிடையாது. தூக்கத்திலேயே குடும்பத்தோடு உயிரைக் கொண்டுபோய்விடும்.

தேங்கிய தண்ணீர்

டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நல்ல தண்ணீரில் இடுகிறது, பகலில் கடிக்கிறது. முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள், ஞாயிறென்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டைச் சுற்றி வாருங்கள். கிரைண்டர் வந்த பிறகு கொல்லையில் ஓரங்கட்டிய ஆட்டுக்கல்லும் உரலும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. மழைநீர் அதில் நின்றுகொண்டே இருக்கும். கவிழ்த்துப் போட முடியாவிட்டால் குழியில் மணலை நிரப்புங்கள். கொட்டாங்கச்சி, பழைய டயர், பிளாஸ்டிக் கப், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். குடத்தையும் தொட்டியையும் காலி செய்தால் மட்டும் போதாது, உட்புறத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை காய்ந்து கிடந்தாலும் பல மாதம் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஏமாற்றும். "காய்ச்சல் விட்டுப் போச்சு" என்று பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு வெளியே அனுப்புவார்கள். அந்த இரண்டு நாளில்தான் வயிற்று வலி, தொடர்ந்த வாந்தி, பல் ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், மயக்கம் வரும். வந்தால் ஆஸ்பத்திரிதான். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவு அதிகமாகும்.

மழைத் தண்ணீர் கலந்த கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். பண்டிகைப் பலகாரம் தின்று பேதியானால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பெரிய பொட்டலமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் வருகிறது, மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும், 14 நாள் கொடுக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் இரண்டுமே கிடைக்கும். தீபாவளிக்கு முன்பே இரண்டு பொட்டலம் வாங்கி வையுங்கள்.

அடுப்பும் வெடியும்

தீக்காயம் என்றால் எல்லோரும் பட்டாசைத்தான் நினைக்கிறார்கள். அதற்கு முன் வாரமே வேறொன்று நடக்கிறது. முறுக்கு, அதிரசம் சுடும் இரவுகளில் தரையிலே அடுப்பு, அதன் மேல் எண்ணெய்ச் சட்டி, பக்கத்தில் தவழும் பிள்ளை. பலகாரம் சுடும் நேரத்துக்கு மட்டும் ஒரு ஆள் பிள்ளைக்கென்று தனியாக வேண்டும். அது கணவராகவே இருக்கலாம், மாவு பிசைவதைவிடச் சுலபமான வேலை.

பட்டாசு வெடிக்கும்போது பருத்தித் துணி உடுத்துங்கள். நைலான் பாவாடை பற்றினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆபத்தில்லாதது என்று குழந்தை கையில் கொடுக்கிறோமே கம்பி மத்தாப்பு, அதன் பொறி ஆயிரம் டிகிரி வரை கொதிக்கக் கூடியது. ஐந்து வயதுக்குள் கையில் கொடுக்காதீர்கள். எரிந்த கம்பியை வாசலில் எறிந்தால் அடுத்த பிள்ளை வெறுங்காலோடு மிதிக்கும், தண்ணீர் வாளியில் போடுங்கள். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்காதீர்கள். கார்த்திகை அகல் விளக்கு வரிசையைத் தாண்டிப் போகும் தாவணிக்கும் முந்தானைக்கும் இதே எச்சரிக்கைதான்.

தீப்பட்டால் அந்த இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் விட்டுக்கொண்டே இருங்கள். வளையல், அரைஞாண், மோதிரம் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது.

போகியன்று பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்துவது முன்னோர் வழக்கம். அவர்களிடம் டயரும் பிளாஸ்டிக்கும் இல்லை.

மழைக்குள் பிரசவம் என்றால்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, பல கிராமங்களுக்கு வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் வலி எடுத்தால் 108 வண்டி எப்படி வரும்? ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்திருக்கும் கர்ப்பிணியை, புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே ஆஸ்பத்திரிக்கோ அதன் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கோ அழைத்துப் போய்விடுங்கள். தலைத் தீபாவளிக்குத் தாய்வீடு போகும் கர்ப்பிணிகள் பதிவு அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் செவிலியருக்கு அதைக் காட்டினால் போதும், உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்வார்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னதெல்லாம் ஒரு கையில் பிள்ளையையும் வயிற்றில் அடுத்ததையும் சுமப்பவருக்கு இரட்டிப்புக் கஷ்டம். ஒன்றரை வயதுப் பிள்ளை, தாய்ப்பாலை விட்டுவிட்டு மழைக்காலத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். இடைவெளி வேண்டுமென்றால் காப்பர்-டி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது. இரண்டுமே அரசு நிலையங்களில் இலவசம். போதும் என்று முடிவு செய்துவிட்ட தம்பதிகளில் ஆண்களுக்குச் சொல்கிறேன்: ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான தழும்பில்லா கருத்தடை சிகிச்சை இருவாரம் நடக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடியும் சின்ன சிகிச்சை. அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம். ஆண்மை குறையாது. கடப்பாரை பிடிக்கும் பலமும் போகாது. மனைவிக்கு வயிற்றைத் திறப்பதைவிட இது எளிது. ஒரு விஷயம் மட்டும்: சிகிச்சை முடிந்தவுடனே பலன் வராது. மூன்று மாதம் வரை ஆணுறையோ வேறு முறையோ வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கார்த்திகையில் செய்துகொண்டவர்கள் மாசியில் பரிசோதனைக்கு வாருங்கள்.